'காஸ்ட்' அந்நியச் சொல்தான். சாதி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நகர மன்றங்களிலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் விதி வேண்டும் என்று நம் தோழர்கள் கேட்கும்போதெல்லாம், எதிர்த்தரப்பிலிருந்து ஒரு வாதம் தவறாமல் வந்து விழுகிறது. 'காஸ்ட்' என்ற சொல் எந்த இந்திய மொழியிலும் கிடையாது, அது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல், பிரிட்டிஷார் அதைச் சட்டமாக்கினார்கள், எனவே சாதி என்பதே காலனியம் நம் தலையில் கட்டிய சரக்கு என்பது அந்த வாதம். மேடையில் கேட்கும்போது அறிவார்ந்த வாதம் போலத் தோன்றும். பதில் சொல்லத் தெரியாமல் நம் மாணவர்கள் சிலர் திகைத்து நிற்பதும் உண்டு.

இந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. 'காஸ்ட்' அந்நியச் சொல்தான். இதை ஒப்புக்கொள்ள நமக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். ஆனால் அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வாயில் வளர்ந்தது, எந்தத் தேவைக்காக இங்கே இறக்குமதியானது என்று கடைசிவரை தேடிப்போனால், வாதத்தின் இரண்டாவது பாதி தானாகவே உடைந்துபோகும். பாதி வழியில் நின்றுவிடுவதால்தான் எதிர்த்தரப்புக்கு அது வசதியாக இருக்கிறது.

சொல்லைத் தோண்டுவது நமக்குப் புதிய வேலையும் அல்ல. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், சொற்களின் பழைய பொருளைத் தேடி எடுத்து, அதையே ஆதிக்கத்துக்கு எதிரான ஆயுதமாக ஆக்கியவர். அந்த வழியில் இந்த ஒரு சொல்லையும் பின்தொடர்ந்து பார்ப்போம்.

வெட்டியெடுத்த தூய்மை

ஆங்கிலத்துக்கு 'காஸ்ட்' வந்தது போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளின் 'காஸ்தா' என்ற சொல்லிலிருந்து. 'காஸ்தா' என்றால் இனம், குலவழி, வம்சம். மனிதருக்கு மட்டுமான சொல் அல்ல அது. குதிரைக்கும் காளைக்கும் நாய்க்கும் 'காஸ்தா' உண்டு. ஸ்பெயினின் காளைப் போர்க்களத்தில் இன்றும் காளையின் வீரிய வம்சத்தைக் குறிக்க இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது? இங்கே மொழியியலாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். பெரும்பாலான அகராதிகள் தரும் விளக்கப்படி, இலத்தீனின் 'காஸ்துஸ்' என்ற சொல்தான் இதன் தாய். அதன் பொருள் தூய்மையானது, மாசு கலக்காதது. கற்பைக் குறிக்கும் 'சேஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்தே வந்தது. இன்னொரு தரப்பு, ஸ்பெயினை ஆண்ட கோத் இனத்தவரின் மொழியில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளின் கூட்டத்தைக் குறித்த சொல்லிலிருந்து 'காஸ்தா' வந்திருக்கலாம் என்கிறது. முதல் விளக்கத்தில் தூய்மை முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் பிறப்பு முன்னால் நிற்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இலத்தீன் 'காஸ்துஸ்' இன்னும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அந்த வேரின் பொருள் 'வெட்டு'. வெட்டி ஒதுக்கப்பட்டது, எதிலிருந்தோ பிரிக்கப்பட்டது என்பதிலிருந்து 'மாசற்றது' என்ற பொருள் கிளைத்தது என்பது விளக்கம். கால்நடைகளுக்குக் காயடிப்பதைக் குறிக்கும் 'காஸ்ட்ரேட்' இதே வேரின் பிள்ளை. சுற்றிலும் அரண் வைத்துப் பிரித்த கோட்டையான 'காஸில்' என்ற சொல்லையும் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். சமஸ்கிருதத்தில் வெட்டும் கருவியைக் குறிக்கும் 'சஸ்திரம்' இதன் தூரத்து உறவு. சாஸ்திரம் அல்ல, சஸ்திரம். இரண்டுக்கும் வேர் வேறு. ஆனால் சாஸ்திரம் நம்மிடம் சஸ்திரத்தின் வேலையைச் செய்தது என்பது தனிக் கதை.

இரத்தம் பார்த்த நாடு

'காஸ்தா' ஐபீரிய மண்ணில் எந்தச் சூழலில் புழங்கியது என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது. 1391-இல் ஸ்பெயினின் நகரங்களில் யூதர்கள் மீது பெரும் தாக்குதல்கள் நடந்தன. உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் கிறித்தவர்களாக மாறினார்கள். மாறிய பிறகாவது விட்டார்களா? 1449-இல் டொலேடோ நகரில் ஒரு விதி வந்தது. யூத வழிவந்தவர் கிறித்தவராகவே இருந்தாலும் நகரப் பதவிகளில் இருக்கக் கூடாது என்றது அது. 'இரத்தத் தூய்மை' என்ற கோட்பாடு அங்கிருந்து பரவியது. ஞானஸ்நானம் பெற்றும் இரத்தம் மாறவில்லை என்றார்கள். பழைய கிறித்தவர், புதிய கிறித்தவர் என்று சமூகம் இரண்டானது. பதவிக்கும் துறவற சபைக்கும் விண்ணப்பிப்பவர் தன் பாட்டன் பூட்டன் வரை 'கலப்பில்லை' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1497-இல் போர்த்துக்கல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. பழைய கிறித்தவர், புதிய கிறித்தவர் என்ற பிரிவினையைப் போர்த்துக்கல் சட்டப்படி ஒழித்தது 1773-இல்தான்.

1611-இல் வெளிவந்த கோவர்ரூபியாஸின் ஸ்பானிய அகராதி 'காஸ்தா'வுக்கு நல்ல குலவழி என்று பொருள் தருகிறது. நல்ல காஸ்தா என்றும் கெட்ட காஸ்தா என்றும் சொல்லும் வழக்கம் உண்டு என்று சேர்த்துச் சொல்கிறது. தூய்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அதை இணைக்கவும் செய்கிறது. ஆக, போர்த்துக்கீசியர் கப்பலேறும்போது அவர்கள் மூட்டையில் இருந்தது வெறும் சொல் அல்ல. பிறப்பை வைத்து மனிதரைத் தரம்பிரிக்கும் பழக்கமும் அதோடு இருந்தது.

கோவாவில் இறங்கிய சொல்

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். 1510-இல் கோவா போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. இங்கே அவர்கள் கண்டது என்ன? பிறப்பால் தொழில், பிறப்பால் குடியிருப்பு, பிறப்பால் பந்தி. இதை எப்படி எழுதுவது? ஊரில் தெரிந்த சொல்லையே எடுத்து எழுதினார்கள்.

1563-இல் கோவாவில் அச்சான தன் மருத்துவ நூலில் கார்சியா த ஓர்தா என்ற மருத்துவர், இங்கே யாரும் தகப்பன் தொழிலை விட்டு மாறுவதில்லை, செருப்புத் தைப்பவர்கள் எல்லாரும் ஒரே 'காஸ்தா' என்று பதிவு செய்கிறார். 1567-இல் கோவாவில் கூடிய திருச்சபை மாமன்றம், இம்மக்கள் உயர்வு தாழ்வான 'காஸ்தா'க்களாகப் பிரிந்திருக்கிறார்கள், மேலே இருப்பவர் கீழே இருப்பவரோடு உண்பதும் குடிப்பதும் இல்லை என்று தன் தீர்மானத்தில் குறிப்பிடுகிறது.

இந்தக் கார்சியா த ஓர்தா யார் தெரியுமா? யூத வழிவந்த 'புதிய கிறித்தவர்' குடும்பத்துப் பிள்ளை. 1568-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனாவை, இரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றினார் என்று சொல்லி, கோவாவின் சமய விசாரணை மன்றம் உயிரோடு எரித்தது. 1580-இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். நம் மண்ணின் சாதியைப் பார்த்து 'காஸ்தா' என்று எழுதிய மனிதரே, தன் நாட்டில் பிறப்பின் பெயரால் சந்தேகிக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர்.

இதே சொல் அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோவுக்கும் போனது. அங்கே ஸ்பானியர், பழங்குடியினர், ஆப்பிரிக்கர் ஆகியோருக்கிடையே பிறந்த கலப்பு மக்களைக் 'காஸ்தாக்கள்' என்று அழைத்தார்கள். எந்தப் பெற்றோருக்கு எந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று வரிசையாகக் காட்டும் ஓவியங்களை 18-ஆம் நூற்றாண்டில் தீட்டினார்கள். தாய்மண்ணில் கலப்பில்லாத வம்சத்தைப் பெருமையாகக் குறித்த சொல், மெக்சிகோவில் கலப்பு மக்களுக்கான பெயரானது. யார் யாரோடு பிள்ளை பெற்றார் என்ற கணக்கு மட்டும் இரண்டு இடத்திலும் மாறவில்லை.

நம் சொல் என்ன சொல்கிறது?

இப்போது நம் பக்கத்துச் சொல்லைப் பார்ப்போம். தமிழின் 'சாதி', சமஸ்கிருத, பாலி மொழிகளின் 'ஜாதி'யிலிருந்து வந்தது. அதன் வேர் 'ஜன்', அதாவது பிறத்தல். இலத்தீனின் 'ஜென்ஸ்', ஆங்கிலத்தின் 'கின்', 'ஜீன்' எல்லாம் இதே குடும்பம். 'வருணம்' என்றால் நிறம். ஆக, ஐரோப்பியச் சொல் தூய்மையையும் குலவழியையும் சொல்கிறது, நம் சொல் நேரடியாகப் பிறப்பைச் சொல்கிறது.

'காஸ்தா'வைப் போலவே 'சாதி'யும் விலங்குகளின் இனத்தைக் குறிக்கும் சொல். தொல்காப்பியத்தின் மரபியல் நீர்வாழ் உயிர்களின் இனத்தைச் 'சாதி' என்கிறது. இன்றும் 'ஜாதி நாய்' என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்வதை நாம் கேட்கிறோம். ஸ்பெயினிலும் இங்கேயும் ஒரே வேலை நடந்திருக்கிறது. கால்நடை வளர்ப்பில் இனத்தைப் பிரிக்கப் பயன்பட்ட சொல்லைத் தூக்கி மனிதர் மேல் வைத்திருக்கிறார்கள்.

இதை முதலில் பிடித்துக் கேள்வி கேட்டவர் யார்? பாலி நூலான சுத்த நிபாதத்தின் வாசெட்ட சுத்தத்தில், பிறப்பால் பிராமணனா, செயலால் பிராமணனா என்ற கேள்வியோடு இரண்டு இளைஞர்கள் புத்தரிடம் வருகிறார்கள். புல்லுக்கும் மரத்துக்கும், பூச்சிக்கும், நாற்கால் விலங்குக்கும், மீனுக்கும் பறவைக்கும் பிறப்பாலேயே வேறுபட்ட அடையாளங்கள் உண்டு, மனிதரின் கண்ணிலோ காதிலோ கையிலோ அப்படி எந்த வேறுபாடும் இல்லை என்று அவர் விளக்குகிறார். 'ஜாதி' என்பது விலங்கினத்துக்கான சொல், மனிதருக்குப் பொருந்தாது என்பதுதான் இதன் சாரம். போர்த்துக்கீசியக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த விவாதம் இங்கே எழுதிவைக்கப்பட்டுவிட்டது. இல்லாத ஒன்றை யாராவது மறுப்பார்களா?

கல்லில் வெட்டிய சாட்சி

சுமார் 1030-இல் எழுதிய அல்பெரூனி, இந்துக்கள் தங்கள் பிரிவுகளை நிறம் என்ற பொருளில் ஒரு சொல்லாலும் பிறப்பு என்ற பொருளில் இன்னொரு சொல்லாலும் அழைப்பதைக் குறித்திருக்கிறார். நான்கு வருணத்துக்கும் கீழே வைக்கப்பட்ட தொழிற்குழுக்களை வரிசைப்படுத்துகிறார். செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், மீன் பிடிப்பவர், நெய்பவர் அதில் வருகிறார்கள். இவர்கள் ஊருக்கு அருகே, ஆனால் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்றும் எழுதுகிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், தஞ்சைக்கு வாருங்கள். முதலாம் இராசராசன் கட்டிய பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி விதிக்கப்படாத நிலங்களைக் கணக்கெடுக்கின்றன. அந்தப் பட்டியலில் ஊர் இருக்கை தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. 'தீண்டா' என்ற சொல் கல்லில் இருக்கிறது. போர்த்துக்கீசியன் இந்தியக் கரையில் கால்வைக்க இன்னும் ஏறத்தாழ 500 ஆண்டுகள் இருக்கின்றன. 'காஸ்ட்' என்ற சொல் இல்லாமலேயே சேரியை ஊரிலிருந்து வெட்டிப் பிரிக்க முடிந்திருக்கிறது.

அப்படியானால் பிரிட்டிஷார் எதுவும் செய்யவில்லையா? செய்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இனம் என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொல், அடுத்த நூற்றாண்டில் இந்தியச் சாதிக்கான பெயரானது. வருணத்தையும் சாதியையும் அது ஒரே சொல்லுக்குள் அடைத்தது. 1871–72-இல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மக்களைச் சாதிவாரியாக எழுதிவைத்தது. 1901 கணக்கெடுப்பில் ரிஸ்லி, சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேல்கீழாக வரிசைப்படுத்த முயன்றார். மூக்கை அளந்து இனம் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிய மனிதர் அவர். நெகிழ்வாக இருந்த பல எல்லைகள் காகிதத்தில் இறுகின. இதைச் சொல்லும் வரலாற்றாசிரியர்களை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் இறுக்கியதும் உண்டாக்கியதும் ஒன்றல்ல. ரிஸ்லி வரிசை எழுத உட்கார்ந்தபோது, யார் மேலே யார் கீழே என்று சொல்ல ஊருக்கு ஊர் ஆள் தயாராக இருந்தார்கள்.

அந்தப் பதிவேட்டு மொழியிலிருந்துதான் 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்ற பெயரும் வந்தது. அரசியலமைப்பிலும் அது நிலைத்தது. கல்லூரியில் சேரும்போது நாம் கொண்டுபோகும் சான்றிதழில் இருப்பது, குதிரைக்கும் காளைக்கும் வம்சம் பார்த்த அதே ஐபீரியச் சொல்தான். தீண்டாச்சேரி என்று கல்லில் வெட்டி ஒதுக்கிய மக்களுக்கு, உரிமை கேட்கும் இடத்தில் அந்தச் சொல்லே கைப்பிடியாகவும் ஆனது.

மறைப்பைக் கழற்றிய மாணவர்

அமெரிக்காவுக்கும் இந்தச் சொல் புதிதல்ல. 1849-இல் பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி வைத்ததை எதிர்த்து வாதாடிய சார்ல்ஸ் சம்னர், அந்தப் பிரிவினையைச் சாதி என்றே அழைத்து இந்தியாவோடு ஒப்பிட்டார். 1873-இல் மகாத்மா ஜோதிராவ் பூலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் நம் துயரத்தின் பெயரை எடுத்துத் தன் நாட்டை விளக்கினார். இன்னொருவர் அவர்கள் போராட்டத்தை எடுத்து நம் நாட்டுக்கு வழி காட்டினார்.

1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகளின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி பற்றி ஆய்வுரை படித்தார். அவர்தான் அண்ணல் அம்பேத்கர். ஐரோப்பிய ஆய்வாளர்கள் சாதிக்குக் கொடுத்த இலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்தார். தீட்டு, தூய்மை என்ற எண்ணம் சாதியின் சாரம் அல்ல, சாதிக்கு மதத்தின் சாயம் ஏறியதால் வந்து ஒட்டிக்கொண்டது என்று காட்டினார். சாரம் எது? அகமணம். தன் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது. அந்த வேலியைக் காக்கத்தான் உடன்கட்டையும், கைம்பெண் கொடுமையும், குழந்தை மணமும் வந்தன என்று நிறுவினார்.

முன்னால் மனதில் வைக்கச் சொன்னோமே, அந்த இரண்டு விளக்கங்களை இப்போது எடுங்கள். இலத்தீனிலிருந்து வந்தது என்றால் சொல்லின் உள்ளே இருப்பது தூய்மை. கோத் மொழியிலிருந்து வந்தது என்றால் உள்ளே இருப்பது ஈற்று, வம்சம். சொல்லாராய்ச்சியில் எது வென்றாலும் சரி, சமூகத்தில் எது உண்மை என்று அம்பேத்கர் சொல்லிவிட்டார். தூய்மை மேலே போர்த்திய துணி. உள்ளே இருப்பது யார் யாருக்குப் பிள்ளை பெறலாம் என்ற கட்டுப்பாடு. இன்று தட்டில் சமமாகச் சாப்பிடும் பலர் கல்யாணம் என்று வந்ததும் அரிவாள் எடுக்கிறார்களே, அதற்குக் காரணமும் இதுதான்.

இன்றைய சண்டை

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதி எதிர்ப்பு மசோதாவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் தடுத்தார். வம்சாவளியின் பெயரால் பாகுபாடு காட்டுவதை இருக்கும் சட்டங்களே தடைசெய்கின்றன, தனிச் சட்டம் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள், 2013-இல் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள், 2018-இல் அரசு பின்வாங்கியது.

சொல்லை வைத்துத் தப்பிக்கும் இந்த ஆட்டம் ஐ.நா.விலும் நடந்தது. 1965-இல் நிறைவேறிய இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, நிறம், இனம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லையும் வைத்திருக்கிறது. அதைச் சேர்க்கத் திருத்தம் முன்மொழிந்த நாடு எது? இந்தியா. பிறகு அந்தச் சொல்லுக்குள் சாதி வராது என்று வாதாடிய நாடு எது? அதுவும் இந்தியாதான். 2002-இல் அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாராவது 'காஸ்ட்' அந்நியச் சொல் என்று உங்களிடம் சொன்னால் கோபப்படாதீர்கள். ஆம் என்று சொல்லுங்கள். ஐபீரியாவில் பிறப்பின் பெயரால் மனிதரை வேட்டையாடிய சமூகம், இங்கே அதே பிறப்புக் கணக்கைக் கண்டு, தன் சொல்லால் அதற்குப் பெயர் வைத்தது என்று சொல்லுங்கள். அதன் பொருள் வம்சாவளிதான் என்றும், நம் 'சாதி'க்குப் பொருள் பிறப்புதான் என்றும் சொல்லுங்கள். பிறகு தஞ்சைக் கல்வெட்டைக் காட்டுங்கள். 'தீண்டா' என்பது எந்த நாட்டுச் சொல் என்று கேளுங்கள்.

இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது. 'தலித்' என்பதன் வேருக்குப் பிளத்தல், உடைத்தல் என்று பொருள். உடைக்கப்பட்டவர்கள், நொறுக்கப்பட்டவர்கள் என்று அதை விளக்குவார்கள். 'காஸ்ட்' மற்றவர் நமக்கு ஒட்டிய பெயர். 'தலித்' நமக்கு நேர்ந்ததை நாமே சொல்லும் பெயர். 1972-இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரைக் கொடியில் ஏற்றினார்கள். சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது முதல் சொல்லின் வரலாறு நமக்குச் சான்றாக வேண்டும். தெருவில் இறங்கும்போது இரண்டாவது சொல் வேண்டும். இரண்டையும் படித்து வைத்திருப்போம்.